பார உலோகமும் மருந்துக்கு அடங்காத கிருமியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருமியை வளர்த்து எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கும் கல்ச்சர் ரிப்போட்டில், மருந்துக்கு அடங்காது என்பதைக் குறிக்கும் 'ஆர்' எழுத்தை வரிசையாகக் கண்டு திகைத்து நிற்பவர்களுக்குக் காரணம் சொல்லும்போது, மருந்தைத் தப்பாகப் பாவித்ததை மட்டும் சொல்லி முடித்துவிடுகிறோம். மண்ணிலும் தண்ணீரிலும் சேர்ந்துபோன உலோகங்களுக்கும் அதில் பங்கு உண்டு என்று சொன்னால் கேள்விக்கு மேல் கேள்வி வரும். கிழக்கிலங்கையில் கல்முனையிலிருந்து வாழைச்சேனை வரை வயல்காரர், கோழிப்பண்ணைக்காரர், தாய்மார், உயர்தரப் பிள்ளைகள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை, அவர்கள் கேட்ட மாதிரியே கீழே தந்திருக்கிறேன். முன்னால் சொன்னதை வைத்தே பின்னால் உள்ள பதில்கள் வருவதால், வரிசையாக வாசிப்பது நல்லது.

மிஸ், பார உலோகம் எண்டா என்ன? வீட்டுல இருக்கிற இரும்புச் சாமானும் அதுக்குள்ள வருமா?

இரசம் (பாதரசம்), ஈயம், கட்மியம், செம்பு, நாகம் (துத்தநாகம்), நிக்கல் போன்றவற்றைத்தான் இங்கே பார உலோகம் என்கிறோம். ஆசனிக்கை முழுமையான உலோகம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் நஞ்சாக வேலை செய்யும் விதம் ஒத்திருப்பதால் அதையும் சேர்த்தே பேசுவது வழக்கம். இரும்புக் கத்தியையும் மண்வெட்டியையும் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

செம்பும் நாகமும் நமக்கும் பற்றீரியாவுக்கும் சிறிதளவு தேவை. அளவு மீறினால்தான் நஞ்சு. இரசமும் ஈயமும் கட்மியமும் நம் உடம்புக்கு எந்த அளவிலும் தேவையில்லை.

"இந்த மருந்து இனி உங்களுக்கு வேலை செய்யாது" எண்டு டொக்டர் சொன்னார். எதிர்ப்பு வந்தது எனக்கா, கிருமிக்கா?

கிருமிக்கு. உங்கள் உடம்பு மருந்துக்குப் பழகிப்போகவில்லை. உங்களுக்குள் இருக்கும் அந்தப் பற்றீரியாதான் அந்த அன்ரிபயோட்டிக்கைத் தாங்குகிறது. அது உங்கள் பிள்ளைக்குத் தொற்றினால், வாழ்நாளில் ஒரு அன்ரிபயோட்டிக்கும் குடித்திராத பிள்ளைக்கும் அந்த மருந்து உதவாது. இப்படிப்பட்ட பற்றீரியாக்களால் 2019 இல் மட்டும் உலகில் நேரடியாக 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தார்கள் என்பது மதிப்பீடு.

மருந்து வேற, ஈயம் வேற. ஒண்டுக்கொண்டு சம்பந்தமில்லாத சாமான். உலோகத்தைக் கண்ட கிருமி எப்படி மருந்துக்குத் தப்பும்?

மற்ற எல்லாக் கேள்விக்கும் வேர் இதுதான், அதனால் நீட்டியே சொல்கிறேன். மூன்று வழிகள் உண்டு. முதலாவது, உலோகத்தைத் தாங்கும் பரம்பரையலகும் (ஜீன்) மருந்தைத் தாங்கும் பரம்பரையலகும் ஒரே டி.என்.ஏ. துண்டில் அடுத்தடுத்து இருப்பது. பற்றீரியாவின் பிரதான டி.என்.ஏ. தொகுதியான நிறமூர்த்தத்துக்குப் புறம்பாக, பிளாஸ்மிட் என்ற சிறு வளையங்கள் பல பற்றீரியாக்களில் உண்டு. இவை ஒரு கலத்திலிருந்து இன்னொரு கலத்துக்கு, சில வேளை இனம் விட்டு இனமும் போகும். டி.என்.21 என்று பெயரிடப்பட்ட, இடம்விட்டு இடம் தாவும் துண்டு இதற்கு நன்கு ஆராயப்பட்ட உதாரணம். பிளாஸ்மிட்டுகளில் ஏறிப் பயணம் செய்யும் இந்த ஒரே துண்டில் இரசத்தைத் தாங்கும் தொகுதியும், சல்பா மருந்தையும் ஸ்ரெப்ரோமைசினையும் தாங்கும் பரம்பரையலகுகளும் இருக்கின்றன. இரசம் கலந்த சேற்றில் இதை வைத்திருக்கும் பற்றீரியா பிழைக்கும், மற்றவை அழியும். பிழைத்தது பெருகும்போது, சல்பா மருந்தை ஒரு நாளும் காணாமலே அந்த மருந்துக்கான எதிர்ப்பும் கூடவே பெருகிவிடும்.

இரண்டாவது, ஒரே பம்பி இரண்டையும் வெளியே தள்ளுவது. பற்றீரியாவின் மென்சவ்வில், உள்ளே வந்த நஞ்சை வெளியேற்றும் புரதங்கள் உண்டு. வள்ளத்துக்குள் ஏறிய தண்ணியை இறைக்கிறவர் அது மழைத் தண்ணியா அலைத் தண்ணியா என்று பார்ப்பதில்லை. இந்தப் பம்பிகளில் சிலவும் அப்படித்தான். லிஸ்டீரியா என்ற பற்றீரியாவில் உள்ள ஒரு பம்பி பார உலோகங்களையும் எரித்ரோமைசினையும் வெளியே தள்ளுகிறது.

மூன்றாவது வழிதான் எனக்கு அதிகம் கவலை தருவது. தீப்புண்ணிலும், மூச்சுக் குழாய் போட்ட நோயாளிகளிலும் தொற்றும் சூடோமோனாஸ் எருஜினோசா என்ற பற்றீரியாவில், நாகம் கூடியதை உணர்ந்து உலோகப் பம்பியை இயக்கும் ஒரு கட்டுப்பாட்டுப் புரதம் இருக்கிறது. அதே புரதம், இமிபெனெம் மருந்து உள்ளே வரும் வாயிலின் எண்ணிக்கையையும் குறைத்துவிடுகிறது. மற்ற மருந்துகள் தோற்ற பிறகு டொக்டர்மார் கையில் எடுப்பது இமிபெனெம். கட்மியமும் செம்பும்கூட இதே விளைவைத் தரும். இங்கே புதிய பரம்பரையலகு ஒன்றும் வந்து சேரவில்லை; உலோகம் பக்கத்தில் இருப்பதே போதும்.

இதெல்லாம் ஆய்வுகூடத்துக் கண்ணாடிக் குழாய்க்குள்ள நடக்கிற கதையா, வெளியிலயும் நடந்திருக்கா?

நடந்திருக்கிறது. டென்மார்க்கில் 1995 இல், விலங்குத் தீவனத்தில் கலந்துவந்த அவோபார்சின் என்ற அன்ரிபயோட்டிக்கைத் தடைசெய்தார்கள். அது மனிதருக்குக் கொடுக்கும் வான்கோமைசின் என்ற அன்ரிபயோட்டிக்குக்கு உறவான மருந்து. தடைக்குப் பிறகு கோழிகளில் வான்கோமைசினைத் தாங்கும் என்ரரோகொக்கஸ் பற்றீரியா குறைந்தது, பன்றிகளில் குறையவில்லை. பன்றித் தீவனத்தில் தொடர்ந்து சேர்த்த டைலோசின் என்ற இன்னொரு அன்ரிபயோட்டிக்குக்கான எதிர்ப்பும் அதே பிளாஸ்மிட்டில் இருந்ததுதான் காரணம். 1998 இல் டைலோசினையும் நிறுத்திய பிறகே குறைந்தது. செம்பைத் தாங்கும் பரம்பரையலகும் அதே பிளாஸ்மிட்டில் இருப்பது பின்னர் தெரிய வந்தது. தீவனத்தில் கிலோவுக்கு 175 மில்லிகிராம் செம்பு கலந்து பன்றிக் குட்டிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, செம்பு, வான்கோமைசின், டைலோசின் வகை மருந்து ஆகிய மூன்றுக்குமான எதிர்ப்பும் சேர்ந்து கூடியது.

நாகமும் அப்படித்தான். எம்.ஆர்.எஸ்.ஏ. என்பது மெதிசிலின் என்ற அன்ரிபயோட்டிக்குக்கு அடங்காத ஸ்டபிலோகொக்கஸ் பற்றீரியா. பண்ணை விலங்குகளில் பரவிய அதன் வகை ஒன்றில், மெதிசிலினைத் தாங்கும் பரம்பரையலகு இருக்கும் துண்டிலேயே நாகத்தைத் தாங்குவதும் இருக்கிறது. பன்றிக் குட்டிகளின் வயிற்றோட்டத்துக்கு நாக ஒக்சைட்டைப் பெருமளவில் கொடுப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜூன் மாதத்தோடு நிறுத்தியதற்கு, சூழல் மாசோடு இந்தக் கவலையும் ஒரு காரணம்.

உலோகம் நஞ்சுதானே. கிருமிய அது கொல்லட்டுமே, நல்லதுதானே?

கொல்லும் அளவு இருந்தால் கொல்லும். சுற்றாடலில் பெரும்பாலும் இருப்பது கொல்லாத அளவு, சிக்கலும் அங்கேதான். சுவீடனின் உப்சாலாவில், வைத்தியசாலையில் பரவிய ஒரு பிளாஸ்மிட்டை வைத்து 2014 இல் வெளியிட்ட ஆய்வில், பற்றீரியாவைக் கொல்லும் அளவைவிட மிகக் குறைந்த ஆசனிக்கே அந்தப் பிளாஸ்மிட்டைச் சுமப்பவற்றை முந்த வைக்கப் போதுமாக இருந்தது. உலோகமும் அன்ரிபயோட்டிக்கும் சிறு சிறு அளவில் கலந்திருந்தபோது, தேவைப்பட்ட அளவு இன்னும் குறைந்தது.

"அளவு குறைவு, பயமில்லை" என்ற பேச்சை மனிதருக்கான நஞ்சு அளவை வைத்துச் சொல்கிறோம். பற்றீரியாக்களின் போட்டிக்கு அந்த அளவுகோல் பொருந்தாது.

அன்ரிபயோட்டிக் கண்டுபிடிக்க முந்தியும் இந்த எதிர்ப்பு இருந்ததா, சேர்? (ஒரு உயர்தர மாணவன் என் சக ஊழியரிடம் கேட்டது)

இருந்தது. சைபீரியாவின் பல்லாயிரம் ஆண்டுப் பழைய உறைமண்ணில், இரசத்தைத் தாங்கும் துண்டுகள் இன்று காண்பவற்றை ஒத்த வடிவில் கிடைத்திருக்கின்றன. கனடாவில் 30,000 ஆண்டுப் பழைய உறைமண்ணிலிருந்து அன்ரிபயோட்டிக்கைத் தாங்கும் பரம்பரையலகுகளையும் எடுத்திருக்கிறார்கள். எரிமலையும் பாறையும் உலோகத்தைக் கக்கிய உலகில் பிறந்தவை பற்றீரியா, மண் பூஞ்சைகளின் மருந்துகளோடும் அவை வெகுகாலமாக மல்லுக்கட்டி வந்தவை.

மனிதன் செய்தது இரண்டையும் ஒரே வளையத்தில் சேர வைத்தது. 1917 முதல் 1954 வரை சேகரித்து வைத்த பற்றீரியாக்களை 1983 இல் ஆராய்ந்தபோது, பிளாஸ்மிட்டுகள் அப்போதே தாராளமாக இருந்தன, ஆனால் அவற்றில் அன்ரிபயோட்டிக் எதிர்ப்பு மிக அரிது. வாகனம் பழையது, ஏறியிருக்கும் சுமைதான் புதிது. 1968 இலேயே, மருந்தைத் தாங்கும் ஸ்டபிலோகொக்கசின் பிளாஸ்மிட்டுகளில் இரசம், கட்மியம், ஈயம் போன்றவற்றைத் தாங்கும் திறனும் இருப்பதை நோவிக், ரொத் என்ற ஆய்வாளர்கள் காட்டினார்கள். அந்தக் காலத்தில் காயத்துக்குப் பூசிய சிவப்பு மருந்து இரசச் சேர்வை என்பதை இங்கே நினைத்துப் பாருங்கள்.

இங்க பெரிய ஃபக்டரி ஒண்டும் இல்லையே மிஸ். எங்கட பக்கம் உலோகம் எங்கயிருந்து வருது?

ஃபக்டரி இல்லாமலும் வரும். ரி.எஸ்.பி. போன்ற பொசுபேற்றுப் பசளை பாறையிலிருந்து வருவது, அந்தப் பாறையில் இயற்கையாகவே கட்மியம் இருக்கும். அளவு பாறைக்குப் பாறை வேறுபடும். பெரும்போகம், சிறுபோகம் என்று ஆண்டுக்கு இரண்டு தரம் தேவைக்கு மேல் போட்டால் வயல் மண்ணில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். மிளகாய், தக்காளி, வெற்றிலைக்கு அடிக்கும் போர்டோக் கலவையில் இருப்பது மயில்துத்தம், அதாவது செம்பு. கோழித் தீவனத்தில் வளர்ச்சிக்காகச் சேர்க்கும் செம்பிலும் நாகத்திலும் பெரும்பங்கு எச்சத்தோடு வெளியே வந்துவிடும். கராஜ் முற்றத்தில் உடைத்துக் கொட்டிய பற்றறி, ஈயப்பற்று வைத்த பழைய ரேடியோ, போன் பலகைகள், குப்பையோடு எறியும் கட்மியப் பற்றறி எல்லாம் இந்தக் கணக்கில்தான்.

அம்பாறையில் பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் பிளாஸ்டிக்கைத் தின்று யானைகள் செத்த செய்தி எல்லாருக்கும் தெரியும். யானையின் வயிற்றில் கிடந்த பிளாஸ்டிக் கண்ணுக்குத் தெரிந்தது. தரம் பிரிக்காத எந்தக் குப்பை மேட்டிலும், பற்றறியும் மருந்து மிச்சமும் கழிவும் ஒன்றாக நனைந்து மாரியில் வழிந்தோடுவது கண்ணுக்குத் தெரியாது. உலோகமும் அன்ரிபயோட்டிக்கும் குடல் பற்றீரியாவும் ஒரே நீரில் சந்திக்கும் இடம் அதுதான்.

வடியும் தண்ணீர் கடைசியில் வாவிக்குத்தான். மட்டக்களப்பு வாவி ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளம். படுவான்கரை வயல் தண்ணியும் எழுவான்கரை ஊர்த் தண்ணியும் அதில் இறங்கும். முகத்துவாரம் மணலால் மூடிக் கிடக்கும் மாதங்களில் அது கடலுக்குப் போக வழியில்லை. உலோகங்கள் அடிச் சேற்றில் ஒட்டிக்கொள்ளும். காத்தான்குடி, கல்லடி மாதிரி நெருக்கமான மணற் பகுதிகளில் மலசலகூடக் குழியும் கிணறும் கிட்டக் கிட்ட இருப்பதால், குடல் பற்றீரியா நிலத்தடி நீருக்குள் போவதும் லேசு. எந்த ஊரும் தன்னைத் தனியாக நினைக்க முடியாது.

கோழி எருவ நல்லா மக்க வச்சிட்டுத் தோட்டத்துக்குப் போட்டா சரிதானே?

பாதி சரி. குவியலைக் கிளறிக் கிளறி, உள்ளே 55 பாகை செல்சியசுக்கு மேல் சூடு சில நாட்கள் நிற்கும்படி மக்க வைத்தால் நோய்க்கிருமிகள் பெரும்பாலும் அழியும். பல அன்ரிபயோட்டிக்குகளும் சிதைந்து குறையும். பச்சை எருவைப் போடுவதைவிட இது எவ்வளவோ மேல், இதைக் கைவிட வேண்டாம்.

ஆனால் உலோகம் மக்காது. மக்க மக்கக் குவியல் சுருங்குவதால், மிஞ்சும் எருவில் கிலோவுக்குரிய செம்பும் நாகமும் கூடத்தான் செய்யும். அதனால் திருத்த வேண்டிய இடம் எருக்குழிக்கு முன்னால், தீவனச் சாக்கில் இருக்கிறது. கலப்புத் தீவனத்துக்கு மேல் "கொழுக்கட்டும்" என்று தாதுப் பவுடரை இன்னொரு பங்கு கொட்டாதீர்கள். கோழிக்கு அது தேவையும் இல்லை, உங்கள் காசும் வீண்.

அப்ப வயலுக்குப் பசளையே போடாம விட்டா?

2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே இரவில் தடைசெய்து, நவம்பரில் தளர்த்தியதற்கு இடையில் வேளாண்மைக்கு என்ன நடந்தது என்பதை இந்த மாவட்டக்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒட்டுமொத்தத் தடையை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன்.

எல்லாப் பசளையையும் ஒரே கண்ணால் பார்க்கவும் கூடாது. கட்மியக் கேள்வி பொசுபேற்றுப் பசளைக்குரியது, யூரியாவுக்கு அல்ல. பொசுபரசு பல வயல்களில் ஏற்கெனவே மண்ணில் சேர்ந்து கிடக்கும். விவசாயப் போதனாசிரியரைக் கேட்டு மண்ணைப் பரிசோதித்து, தேவையான அளவு ரி.எஸ்.பி.யை மட்டும் போட்டால் கட்மியமும் குறையும், செலவும் குறையும்.

நாங்க தண்ணிய கொதிக்க வச்சுத்தான் குடிக்கிற. அது போதாதா?

கிருமிக்குப் போதும், அதை விடாதீர்கள். உலோகத்துக்குப் போதாது. கொதிக்கும்போது ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், ஈயமும் ஆசனிக்கும் பானையிலேயே நிற்கும். குளோரினும் உலோகத்தை அகற்றாது. சந்தேகம் இருந்தால் கிணற்று நீரை உலோகத்துக்கென்று தனியாகப் பரிசோதிக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவு லீற்றருக்கு ஈயம் 10 மைக்ரோகிராம், ஆசனிக் 10, கட்மியம் 3. பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் (பி.எச்.ஐ.) கேட்டால் எங்கே கொடுப்பது என்று வழி சொல்வார்.

செம்புக் குடத்தில தண்ணி வச்சா கிருமி சாகும் எண்டு நீங்கதானே சொன்னீங்க. இப்ப செம்பால எதிர்ப்பு வரும் எண்டுறீங்க!

இரண்டும் உண்மை. துலக்கிய செம்பின் மேற்பரப்பில் பற்றீரியா நேரடியாகத் தொடும் இடத்தில் செம்பு அதிகம். அது விரைவாக, ஏறக்குறைய முழுவதுமாகக் கொன்றுவிடும். செத்தது எதிர்ப்பைப் பரப்பாது. மேலே சொன்ன கொல்லாத அளவு, மாதக்கணக்கில் மண்ணிலோ குடலிலோ நிற்பது வேறு நிலைமை.

குடத்தைத் துலக்கி, ஒரு இரவு வைத்த தண்ணியைக் குடிப்பதில் நான் பயப்படுவதில்லை. புளி, தேசிக்காய், மோர் மாதிரிப் புளிப்பானதை மட்டும் ஈயம் பூசாத செம்பில் வைக்க வேண்டாம், செம்பு அளவுக்கு மீறிக் கரையும். அந்த "ஈயம் பூசுதல்" என்பது உண்மையில் வெள்ளீயம்; பூசுகிறவர் நச்சு ஈயத்தைக் கலக்கவில்லை என்பதை மட்டும் உறுதிப்படுத்துங்கள்.

என்ர பல்லில வெள்ளிக் கலர் அடைப்பு இருக்கு. அதில இரசமாமே. கழட்டவா?

அந்த அடைப்பில் ஏறக்குறைய பாதி இரசம்தான். 1993 இல் வெளியான ஆய்வு ஒன்றில் குரங்குகளுக்கு இப்படி அடைப்பு வைத்தபோது, வாயிலும் குடலிலும் இரசத்தைத் தாங்கும் பற்றீரியா கூடியது; அவற்றில் பல அன்ரிபயோட்டிக்கையும் தாங்கின. இந்தத் துறையில் பலரையும் நிமிர்ந்து உட்கார வைத்த ஆய்வு அது. ஆனாலும் நல்ல நிலையில் இருக்கும் அடைப்பைச் சும்மா துளைத்து எடுப்பதில்தான் இரச ஆவி அதிகம் வரும், விட்டுவிடுங்கள். அடுத்த அடைப்புக்கு வேறு பொருள் கேட்கலாம்.

நாட்டு மருந்துல இரசம் சேர்த்த செந்தூரம் எடுக்கிறன். அதுவும் இதுக்குள்ள வருமா?

வரலாம். 2004 இல் வெளியான ஆய்வில், அமெரிக்காவின் பொஸ்டன் நகரக் கடைகளில் வாங்கிய தெற்காசிய ஆயுர்வேதத் தயாரிப்புகள் 70 இல் 14 இல் ஈயமோ இரசமோ ஆசனிக்கோ இருந்தது. குடல் பற்றீரியாவைப் பார்க்கும் முன், சிறுநீரகத்துக்கும் நரம்புக்கும் வரும் கேடே பெரிது. பதிவுபெற்ற சித்த வைத்தியரிடம் போங்கள், என்ன சேர்ந்திருக்கிறது என்று கேளுங்கள். பெயர் ஒட்டாத போத்தலை வாங்காதீர்கள். கர்ப்பிணிகளும் சிறு பிள்ளைகளும் உலோகம் சேர்ந்ததைத் தொடவே வேண்டாம்.

எதிர்ப்ப வச்சிருக்கிறது கிருமிக்கும் சுமைதானே? மருந்தைக் குறைச்சா அது தன்பாட்டில போயிடாதா?

இது நல்ல கேள்வி. தேவையில்லாத பிளாஸ்மிட்டைச் சுமக்கும் பற்றீரியா மெதுவாகப் பெருகும், மற்றது முந்தும் என்பதுதான் எங்கள் நம்பிக்கை. ஆனால் பல பிளாஸ்மிட்டுகள், தம்மை இழக்கும் கலத்தைக் கொல்லும் நஞ்சு ஒன்றையும் வைத்திருக்கின்றன. சுமையைக் குறைக்கும் மாற்றங்களும் காலப்போக்கில் வந்துவிடும். அதற்கு மேல் உலோகம். அன்ரிபயோட்டிக் நாட்களிலோ மாதங்களிலோ சிதையும், கட்மியம் சிதையாது. மருந்தை நிறுத்திய பிறகும் அதே பிளாஸ்மிட்டுக்குச் சுற்றாடலில் வேலை இருந்துகொண்டே இருக்கும். டென்மார்க்கில் ஒன்றை நிறுத்தியும் மற்றொன்று பிடித்து வைத்திருந்ததை மேலே பார்த்தோம்.

மண்ணில் ஏறிய உலோகத்தை எடுப்பது மிகக் கடினம், செலவு பெரிது. ஏறாமல் பார்ப்பதில்தான் நான் இவ்வளவு அழுத்தம் கொடுப்பது.

அப்ப பிழை உலோகத்திலதான், மருந்தில இல்ல எண்டு எடுக்கலாமா?

எடுக்கவே கூடாது. மனிதரிலும் விலங்கிலும் அன்ரிபயோட்டிக்கைத் தேவையில்லாமல் பாவிப்பதுதான் இன்றும் முதற் காரணம். டொக்டரின் துண்டு இல்லாமல் பாமசியில் இரண்டு நாளைக்கு மட்டும் வாங்குவது, மிச்ச மாத்திரையைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுப்பது, கோழிக்கு நோய் வருமுன்னே தண்ணியில் கலப்பது, இவற்றை நிறுத்தாமல் உலோகத்தை மட்டும் துரத்துவதில் பயனில்லை. உலோகம் அந்தத் தவறின் ஆயுளை நீட்டுகிறது.

ரிப்போட்டப் பாத்து, இது உலோகத்தால வந்த எதிர்ப்பு எண்டு சொல்லேலுமா?

முடியாது. எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்று பார்க்கும் ஏ.பி.எஸ்.ரி. பரிசோதனையில் மருந்து தோய்த்த வட்டுகளைச் சுற்றிப் பற்றீரியா வளர்கிறதா என்று மட்டுமே பார்க்கிறோம். எந்தப் பரம்பரையலகு எதோடு சேர்ந்து வந்தது என்று அறிய டி.என்.ஏ. வரிசையை வாசிக்க வேண்டும். ஒரு நோயாளியின் சிகிச்சைக்கு அது பெரும்பாலும் தேவைப்படாது.

உங்களால் தரக்கூடிய தகவல் ஒன்று உண்டு. ஆறாத கட்டியோ புண்ணோ வந்து டொக்டரிடம் போனால், கோழிப்பண்ணையில் அல்லது மாட்டுப் பட்டியில் வேலை செய்கிறீர்கள் என்பதைக் கேட்காமலே சொல்லுங்கள். நெதர்லாந்து வைத்தியசாலைகளில் பன்றிப் பண்ணையில் வேலை செய்பவர் அனுமதிக்கப்பட்டால், எம்.ஆர்.எஸ்.ஏ. இருக்கிறதா என்று முதலிலேயே மூக்கில் பஞ்சுக்குச்சி வைத்துப் பார்க்கிறார்கள். நீங்கள் தொழிலைச் சொன்னால் சீழை எடுத்துக் கல்ச்சருக்கு அனுப்புவதா என்று டொக்டர் முதல் நாளே யோசிப்பார். பிடிக்காத மருந்தில் ஒரு கிழமை போகாது.